கழுவிவிட்டு வந்த கால்கள்

1

தவசு காலத்துக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தவசு முடிந்து, உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவும் போய், இப்போதுதான் எழுதுகிறேன். நம் ஊர்ப் பங்கு மலரில் இனி இடம் இருக்கிறதோ இல்லையோ தெரியாது. தலைப்பையும் நீங்களே கொடுத்திருந்தீர்கள்: "அயல்நாட்டில் விசுவாச வாழ்வும் அழைத்தலும்." நாலு பேருக்கு நல்லது சொல்வதுபோல இருக்கட்டும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

தவசு நடுவிலேயே நல்லதாகத்தான் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள இறைமக்களே' என்று ஆரம்பித்துவிட்டேன்கூட. அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. எங்கள் பங்குப் பேரவைத் தலைவர் பெனடிக்ட். இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய ஆள். கோயிலில் மெழுகுதிரி வாங்குவதிலிருந்து ஃபாதர் எத்தனை நிமிடம் பிரசங்கம் வைக்கலாம் என்பது வரைக்கும் அவர்தான்.

"சிஸ்டர், இந்த வருசம் பாதம் கழுவுறதுக்கு நம்ம சவரிமுத்துவப் போடலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம் லா. வீல்சேர்ல நீங்க கூட்டிட்டு வந்துருவீங்கதானே?"

"போன வருசம் நான் வந்து கேட்டப்போ வேண்டாம்னீங்களே?"

"போன வருசம் சிச்சுவேஷன் வேற. இப்பதான் அந்தக் கால் இல்லையே சிஸ்டர். ஸ்மெல்லும் இல்ல. வீடியோவுக்கும் நல்லா இருக்கும், கொஞ்சம் டச்சிங்கா."

நான் டெலிபோனை வைத்துவிட்டேன். சீழ், புழு, கறுத்த விரல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சோறு தின்கிற பிறவி நான். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'அன்புள்ள இறைமக்களே' என்று எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

எங்கள் கோயில் எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. இந்த மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மலரை வாசிக்கிற இளசுகளுக்கு என்னைத் தெரிந்திருக்காது. நம் கடற்கரையில் பிறந்து, நர்ஸ் படிப்புப் படித்து, எழுபதுகளில் மலேசிய ரயில்வே குமாஸ்தா ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். எல்லாரும் 'சிஸ்டர்' என்பதால் கன்னியாஸ்திரி என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குப் புருஷனும் இருக்கிறார், பெற்று வளர்த்த மகளும் இருக்கிறாள்.

வந்த புதிதில் என் நர்ஸ் சான்றிதழை இந்த ஊர் அதிகாரிகள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். 'துங்கு' என்றார்கள். காத்திரு என்று அர்த்தம். காத்திருந்தேன். குடியுரிமைக்கு மனுப்போட்டேன், அதற்கும் துங்கு. இந்த நாட்டுக் குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. நான் இன்னும் சிவப்பு அட்டைக்காரி. கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, குண்டாகி, பதவி உயர்வும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு இன்னும் அதே பெஞ்சுதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்காததால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்தேன். முதல் வாரம் ஒரு மலாய்க்காரர் வந்து 'காக்கி, காக்கி' என்று முனகினார். போலீஸ்காரர் போலிருக்கிறது, காக்கிச் சட்டையைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்து நான் அவரை முதலில் உள்ளே அனுப்பினேன். டாக்டர் சிரித்துவிட்டு, காக்கி என்றால் மலாயில் கால் என்றார். துங்குவுக்கு அடுத்தபடியாக இந்த நாட்டில் நான் கற்ற சொல் அதுதான். அதிலேயே என் பிழைப்பும் அமைந்துவிட்டது.

இங்கே நம் சனத்துக்கு இனிப்பு நீர் வியாதி அதிகம். காலையில் சீனிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக், மத்தியானம் ஒரு சட்டிச் சோறு, சாயந்திரம் மறுபடியும் தே தாரிக். காலில் முள் குத்தினாலும் தெரியாது, தெரிகிறபோது விரல் கறுத்திருக்கும். கிளினிக் முடிந்ததும் நான் பையைத் தூக்கிக்கொண்டு மினி பஸ் ஏறி வீடு வீடாகப் போவேன். செந்தூலில் ஒரு வீடு, பழைய கிள்ளான் சாலையில் இரண்டு. புண்ணைக் கழுவி, செத்த சதையை எடுத்து, கட்டுப் போட்டுவிட்டு வருவேன். இதை ஊழியம் என்று நான் சொல்லிக்கொண்டதில்லை. செய்யத் தெரிந்த வேலை, செய்கிறேன்.

என் மகள் ஷீலாவுக்கு இந்த வேலையைக் கண்டாலே ஆகாது. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், சொந்தக் கார் வைத்திருக்கிறாள். தமிழ்ப் பூசை 'போர்' என்று, ஓட்டல் ஹாலில் கிட்டார் வாசித்து ஜெபிக்கிற ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். என்னைக் காரில் ஏற்றும்போது ஒரே நிபந்தனை.

"அம்மா, ப்ளீஸ் லா. உங்க பேக்க பூட்ல வைங்க. சீட்டெல்லாம் ஆஸ்பத்திரி வாசம் வருது."

பையை டிக்கியில் வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். ஓசிச் சவாரிக்காரி வேறென்ன செய்வது.

3

ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்கிற பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நம் ஊரில் நடந்த கூத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன், ஊர் ஏதோ மோட்சம்போல இருந்தது என்று நான் எழுதுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பன்னிரண்டு ஆண்கள் பீடத்துக்கு முன்னால் உட்காருவார்கள். நாற்காலிக்குப் பெயர் எழுதி வைப்பதில்லை. ஆனால் முதல் நாற்காலி தலைமைச் சீடர் இராயப்பருடையது, கடைசி நாற்காலி காட்டிக்கொடுத்த யூதாஸுடையது என்று எல்லாருக்கும் தெரியும். முதல் நாற்காலிக்கு படகு வைத்திருக்கிற இரண்டு சம்மாட்டிக் குடும்பங்கள் அடித்துக்கொண்டு, ஒருவர் மண்டை உடைந்து, அந்த வருஷம் கால் கழுவுவதற்கு முன்னால் தலையைக் கழுவவேண்டி வந்தது. கடைசி நாற்காலிக்கு ஆள் கிடைக்காமல் மணியடித்து விளக்கேற்றுகிற கோயில்பிள்ளையே போய் உட்காருவார்.

இங்கே மண்டை உடைவதில்லை, கமிட்டி போட்டு முடிவு செய்கிறார்கள். மற்றபடி அதே கதைதான். முதல் நாற்காலியில் பெனடிக்ட். அவருக்கு அடுத்து டாக்டர், வக்கீல், ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தவர், ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தவரின் மச்சான். இங்கேயும் கடைசி நாற்காலிக்கு ஆள் தேடுகிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஃபாதர் வலது காலை மட்டும்தான் கழுவுவார். பாதத்தில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, துவாலையால் துடைத்து, குனிந்து முத்தமிடுவார். எங்கள் ஃபாதர் ஜெரால்ட் இந்த ஊர்ப் பையன், நல்ல மனிதர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத்தான் வாசிப்பார். யாராவது குரலை உயர்த்தினால் 'ஓகே, ஓகே' என்று தலையாட்டிவிடுவார்.

4

இப்போது சவரிமுத்து அண்ணனுக்கு வருகிறேன். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மனைவி போய்விட்டார். பழைய கிள்ளான் சாலையில் ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். கோயிலில் கடைசி பெஞ்சு. வலது பெருவிரலில் ஆரம்பித்த புண் மேலே ஏறிக்கொண்டே போனது. போன வருஷத் தவசில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பாஸ்கா முடிந்ததும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"சிஸ்டர், ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல. சொல்லுங்கண்ணே."

"நாப்பது வருசமா பின்னாடி உக்காந்து பாத்துட்டேன். ஒரு தடவயாச்சும் அந்த நாக்காலியில உக்காரணும் லா. பாஸ்கா முடிஞ்சா வலது கால் போயிரும். இருக்கறப்பவே ஒரு தடவ கழுவிட்டா, சந்தோசமா குடுத்துருவேன்."

கேலியாகக் கேட்டுவைத்தேன்: "எந்த நாற்காலி வேணும்? இராயப்பரா?"

"ஐயையோ. யூதாஸ் நாக்காலியே போதும். அதுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்கதானே?"

மறுநாளே ஃபாதரிடம் போனேன். "நல்ல ஐடியா சிஸ்டர், ஓகே, கமிட்டியில சொல்லிருங்க" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது எங்கள் கோயிலுக்காகவே சொன்னதுதான்.

கமிட்டி ஏர்கண்டிஷன் ஹாலில் உட்கார்ந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். ஆளாளுக்கு மூக்கைச் சுளித்தார்கள், கால் என்னவோ மேசைமேல் இருப்பதைப்போல.

"முன் பெஞ்சுல சின்னப் பிள்ளைங்க உக்காருவாங்க சிஸ்டர்" என்றார் ஒரு அம்மாள். "பயந்துக்கும்."

"மத்தவங்களுக்கும் அதே தண்ணி, அதே பேசின். இன்ஃபெக்ஷன் ஆனா யாரு பொறுப்பு?" என்றார் வக்கீல்.

"அவருக்குத் தனி பேசின், தனி துண்டு நான் கொண்டாறேன். பூசைக்கு முன்னாடி நானே சுத்தம் பண்ணி விரல மட்டும் திறந்து வைப்பேன். கடைசி நாற்காலி. அவருக்கு அப்புறம் யாரும் இல்ல" என்றேன்.

பெனடிக்ட் கறிபாப் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"டோன்ட் மிஸ்டேக் மீ சிஸ்டர். ஃபாதர் குனிஞ்சு முத்தம் குடுக்கணும். அந்தக் காலுக்கு எப்படி லா குடுப்பாரு? நீங்களே சொல்லுங்க, நீங்க குடுப்பீங்களா?"

"நான் தெனமும் அதுக்கு ஒரு சாண் தள்ளி மூஞ்சிய வெச்சிட்டுத்தான் வேலை பாக்கறேன்."

"அது உங்க ஜாப்" என்றார் பெனடிக்ட். அதோடு முடிந்தது. அடுத்த விஷயம், வீடியோக்காரருக்கு எங்கே இடம் விடுவது என்பது.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெனடிக்ட் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, புதுச் சாக்ஸ் போட்டுக்கொண்டு வரவேண்டுமாம். நான் எழுதுவது கட்டுக்கதை அல்ல. ஆண்டவர் கழுவியது தெருப்புழுதியில் நடந்து வந்த கால்களை. இங்கே கழுவுவதற்கு முன்னால் கழுவ வேண்டும் என்று கோயிலிலேயே அறிவிக்கிறார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, எல்லாரும் ஆமென் சொல்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் சாயந்திரம் பன்னிரண்டு பேரும் வரிசையாகச் சாக்ஸைக் கழற்றினார்கள். சென்ட் வாசம் மூன்றாவது பெஞ்சுவரைக்கும் வந்தது. ஒலிபெருக்கிக்காரர் காலில் ஒரு டப்பா பவுடரைக் கொட்டியிருப்பார் போல. ஃபாதர் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது கூழாகிப் பேசினில் வெள்ளையாக வழிந்தது. அந்தக் கூழைத் துடைத்துவிட்டு ஃபாதர் குனிந்து முத்தம் கொடுத்தார். அருவருப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. கடைசி பெஞ்சில் சவரிமுத்து அண்ணன் இருந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

அவர் வலது காலுக்குமேல் பாசாரில் காய்கறி போட்டுத் தருகிற பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டி, வாய்ப்பக்கம் ரப்பர் போட்டு இறுக்கியிருந்தார். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு வாசம் வரக்கூடாதாம். பூசை முடிந்ததும் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்:

"தண்ணி எதுக்கு சிஸ்டர் வெள்ளையா போச்சு? மந்திரிச்ச தண்ணியா?"

5

பாஸ்கா முடிந்த வாரம் காலை எடுத்தார்கள். அவருக்கு வந்த ஒரே கவலை, எடுத்த காலை என்ன செய்வார்கள் என்பது. மனைவியின் குழிக்குப் பக்கத்தில் அதைப் புதைத்துவிட வேண்டும் என்றார். 'நான் பின்னாடி வந்து சேந்துக்கறேன்' என்றார். மகனும் நானும் கல்லறைப் பொறுப்பு அலுவலகத்துக்குப் போனோம்.

"இறந்தவர் பெயர்?" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"யாரும் இறக்கல. கால் மட்டும்."

"டெத் சர்டிபிகேட் இல்லாம புதைக்க முடியாது லா, ஆன்டி."

"காலுக்கு யார் டெத் சர்டிபிகேட் குடுப்பாங்க?"

அவர் யோசித்தார். மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, துங்கு என்றார். நாங்கள் துங்கினோம். அதற்குள் ஆஸ்பத்திரியில் அவர்களே எரித்துவிட்டார்கள். சவரிமுத்து அண்ணனிடம் அதைச் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மொட்டைக் கால் நன்றாக ஆறியது. ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்வதால் நான் போவதும் குறைந்துவிட்டது. இடையில் பேரவையிலிருந்து ஒருவரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக் கோஷ்டிகூட அந்த அடுக்குமாடியை விட்டுவிட்டு அடுத்த தெரு பங்களாவுக்குப் போனது. அங்கே கேக்கும் உண்டு, கார் நிறுத்த இடமும் உண்டு.

6

அப்படி இருக்கும்போதுதான் இந்த வருஷம் பெனடிக்டின் டெலிபோன். வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நாற்காலி என்னுடையதில்லையே. பெண்ணின் காலைக் கழுவுவதாகப் பேச்சே கிடையாது. சவரிமுத்து அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"வரேன் லா! எத்தன மணிக்கு?"

எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. "போன வருசம் நாயத் துரத்துற மாதிரி துரத்தினாங்க. இப்போ வீடியோவுக்குக் கூப்பிடறாங்க. உங்களுக்கு ரோசமே இல்லையாண்ணே?"

"ரோசப்பட்டா நாக்காலி கெடைக்குமா சிஸ்டர்?"

அன்று அவர் இடது காலில் தடித்த சாக்ஸ் போட்டிருந்தார். வீடெல்லாம் தைல வாசம். இந்த வேக்காட்டில் எதற்குச் சாக்ஸ் என்று கேட்டேன். "ஒத்தக் காலு லா, தொணக்கி ஆள் இல்லாம குளிருது" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

வியாழனன்று ஷீலாவின் காரில் அழைத்துப் போனோம். சக்கர நாற்காலி ஏற்ற மினி பஸ்ஸில் இடமில்லை என்று கெஞ்சிக் கேட்டதால் வந்தாள். பூசை முடியும்வரை வெளியே காரிலேயே இருக்கிறேன் என்றவள், என்ன நினைத்தாளோ, உள்ளே வந்து தூணோரம் நின்றாள்.

பெனடிக்ட் அவரை முதல் நாற்காலி இடத்தில் கொண்டுபோய் வைத்தார். வீடியோ வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. தான் இரண்டாவதில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு தாழ்ச்சி! சவரிமுத்து அண்ணன் அவரிடம் ஏதோ சொல்லி, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். வீடியோக்காரர் வயரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

ஃபாதர் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். அதே சென்ட், அதே பவுடர். தன் முறை முடிந்ததும் பெனடிக்ட் தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு ஃபாதரோடு நடந்தார். கடைசிக்கு வந்ததும் குனிந்து சவரிமுத்து அண்ணன் காதில், "லெஃப்ட், லெஃப்ட் குடுங்க" என்றார். நான் முன் பெஞ்சில் இருந்ததால் கேட்டது.

சவரிமுத்து அண்ணன் இடது காலை உள்ளே இழுத்துக்கொண்டார். வலது கால்சட்டையின் மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். துணியை மேலே சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண், தையல் தழும்போடு, அதை நீட்டினார்.

"வலது கால்தானே ஃபாதர் கழுவணும்?"

கோயில் முழுக்கக் கேட்டது. பாட்டுக் கோஷ்டி பாதியில் நின்றது. கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி குழந்தையின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெனடிக்ட் வீடியோக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர் காமிராவைத் திருப்பிப் பூ ஜாடியைப் படம் பிடித்தார்.

ஃபாதர் ஜெரால்ட் முழங்காலில் இருந்தபடியே சற்று நேரம் அந்த மொட்டைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஓகே, ஓகே' என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் பெனடிக்டின் கையிலிருந்து செம்பை வாங்கினார். மூன்று முறை ஊற்றினார். தண்ணீர் தழும்பில் இறங்கி, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் காற்றில் சொட்டிப் பேசினில் விழுந்தது. துடைத்தார். குனிந்து முத்தம் கொடுத்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சவரிமுத்து அண்ணா, இத்தனை வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர், இப்படி ஒரே அடியில் எல்லாருடைய கன்னத்திலும் கொடுத்தீரே என்று நினைத்தேன். இதை அப்படியே எழுதி அனுப்பிவிட வேண்டும், நீங்கள் கேட்ட தலைப்புக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்றும் நினைத்தேன். அந்த முடிவோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

7

திரும்பும்போது அவர் முன் சீட்டில், நான் பின்னால். பெடரல் சாலையில் ஏறுவதற்குள் ஷீலா மூக்கைச் சுருக்கினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்க பேக் உள்ளயா இருக்கு?"

"டிக்கியிலதான் வெச்சேன்."

"அப்போ என்ன ஸ்மெல் இது?"

தைல வாசத்துக்கு அடியில் அது இருந்தது. கோயிலில் சென்டும் சாம்பிராணியும் அடித்த அடியில் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடி மூடிய காரில் தெரிந்துவிட்டது. அந்த வாசத்தைத் தெரியாதவளா நான்?

சவரிமுத்து அண்ணன் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"பேக் இல்ல பாப்பா. நான்தான்."

வீட்டுக்குப் போய் அவரைக் கட்டிலில் உட்காரவைத்தேன். சாக்ஸ் புண்ணோடு ஒட்டியிருந்தது. மருமகளிடம் தண்ணீர் காய்ச்சி ஆற்றி உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, ஊறவைத்து, மெதுவாகப் பிரித்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி. பட்டைப் பட்டையாகத் தைலம் பூசிக் கெடுத்து வைத்திருந்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"தவசு ஆரம்பத்துல இருந்து."

"அன்னைக்கு நான் வந்து நாற்காலியப் பத்திச் சொன்னப்பவே இருந்துச்சா?"

தலையை ஆட்டினார்.

"ஏண்ணே சொல்லல? ஆஸ்பத்திரியிலயாவது காட்டியிருக்கலாமே! இந்தக் காலும் போகணுமா?" நான் கத்திவிட்டேன். மருமகள் கதவோரம் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரியில காட்டினா அங்கயே படுக்க வெச்சிருவாங்க. ஒங்ககிட்ட சொன்னா நீங்க கமிட்டியில சண்ட போடுவீங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா இந்த வருசமும் வேண்டாம்னுருவாங்க லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் யார் கன்னத்திலும் அறையவில்லை. இடது கால் நாறும் என்று பயந்து ஒளித்துக்கொண்டார், அதனால் மொட்டையை நீட்டினார். வீட்டிலேயே கழுவிவிட்டு வரச் சொன்ன அறிவிப்பு அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சென்ட் வாங்க வசதியில்லாதவர் தைலம் பூசிக்கொண்டு வந்திருக்கிறார். நாறாத காலைத்தான் ஆண்டவர் கழுவுவார் என்று நாற்பது வருஷமாக எங்கள் கோயில் அந்த மனிதருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது, அவரும் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறார். எனக்கு வாய்விட்டுத் திட்ட வேண்டும்போல இருந்தது. யாரைத் திட்டுவது? பெனடிக்ட் இந்நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

என் பை காரில் இருந்தது ஞாபகம் வந்து எழுந்தேன். வாசலில் ஷீலா நின்றாள். டிக்கியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். இருந்தாலும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கீழே வைத்துவிட்டு, "எவ்ளோ நேரம் ஆனாலும் ஓகே மா, நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நான் புண்ணைக் கழுவ ஆரம்பித்தேன். எலும்புவரைக்கும் போகவில்லை. ஒழுங்காகப் பார்த்தால் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் பெரிய வெள்ளி, கிளினிக்கில் லீவு சொல்லியிருந்தேன். காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

"சிஸ்டர், ஃபாதர் முத்தம் குடுக்கக் குனிஞ்சாருல்ல?"

"ஆமா. பாத்தேன்."

"நான் அப்ப ஒண்ணும் ஜெபம் சொல்லல. இந்தக் கால் அவருக்கு நாறிரக் கூடாதுன்னு மட்டும்தான் வேண்டிக்கிட்டு இருந்தேன்."